நூறு கிலோ காயில் எத்தனை கிலோ பருப்பு?

தர்மபுரி மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகப் பெய்யும் மழை 900 மில்லிமீட்டரை ஒட்டியது. செப்டம்பரும் அக்டோபரும்தான் அதிகம் கொட்டும் மாதங்கள். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கத்துச் செம்மண்ணில் ஆனி கடைசியிலோ ஆடி முதலிலோ மானாவாரியாக நிலக்கடலை விதைப்பவருக்கு, காய் பிடுங்கும் நாளும் அந்தப் பெருமழையும் ஒன்றையொன்று முட்டாமல் இருக்க வேண்டும். ரகத் தேர்வு இங்கேதான் தொடங்குகிறது. விதை விற்பவரோ 'ஏக்கருக்கு எத்தனை மூட்டை' என்ற ஒரே எண்ணைச் சொல்லி முடித்துவிடுகிறார்.

அந்த ஒரு எண்ணுக்குப் பின்னால் நான்கு எண்கள் இருக்கின்றன: நாள், உடைப்புத்திறன், நூறு பருப்பின் எடை, எண்ணெய்ச் சதவீதம். என் கணக்கில் அவற்றின் முக்கியத்துவமும் இதே வரிசைதான். விளம்பரத் தாளில் வரிசை தலைகீழாக இருக்கும்.

முதலில் ஒரு ஏக்கர் மானாவாரிக் கடலையின் செலவுக் கணக்கு. கூலியை 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைத் திட்டக் கூலியான 336 ரூபாயாக எடுத்துக்கொள்கிறேன். காய் விலை, அதே ஆண்டின் குறைந்தபட்ச ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். விதை, டிராக்டர் வாடகை, ஜிப்சம் விலைகளும் ஆள் கணக்கும் என் மதிப்பீடு. ஊருக்கு ஊர் மாறும். படிப்பவர் தம் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளலாம்.

உழவு, டிராக்டர் 3 மணி நேரம்: 3,300 ரூபாய்
விதைப் பருப்பு 55 கிலோ, கிலோ 130 வீதம்: 7,150
விதை நேர்த்தி: 200
உரம்: 1,300
ஜிப்சம் 160 கிலோ, கிலோ 5 வீதம்: 800
ஆள் கூலி, 45 ஆள்: 15,120
சாக்கு, வண்டி: 600
மொத்தம்: 28,470

45 ஆளில் விதைப்புக்கு 6, களைக்கும் மண் அணைக்கவும் 16, பிடுங்கி ஆய 20, காயவைத்துத் தூற்ற 3. ஏக்கருக்கு 600 கிலோ உலர்ந்த காய் வந்தால் வரவு 43,578 ரூபாய், மிச்சம் 15,108. கிலோவுக்கு அடக்கவிலை 47 ரூபாய் 45 காசு. மத்திய அரசு 2025-26 ஆதரவு விலையை நிர்ணயித்தபோது எடுத்துக்கொண்ட சாகுபடிச் செலவு குவிண்டாலுக்கு 4,842 ரூபாய், அதாவது கிலோ 48 ரூபாய் 42 காசு. ஒரு ரூபாய்க்குள்தான் வித்தியாசம் என்பதால், மேலே போட்ட மதிப்பீடுகள் காற்றில் கட்டியவை அல்ல என்று நம்பலாம். இதே செலவில் முதலுக்கு மோசமில்லாமல் தப்பிக்க 392 கிலோ காய் வேண்டும். மழை ஏய்த்த வருஷத்தில் 400 கிலோவோடு நின்றால் கையில் நிற்பது 582 ரூபாய். குடும்பத்தார் சொந்தமாக உழைத்த உழைப்பின் கூலிதான் வீட்டுக்கு வந்த லாபம்.

இனி ரகங்கள். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2, குடியாத்தம் கொத்து என்ற உள்ளூர்க் கடலையிலிருந்து தேர்ந்தெடுத்தது. அனந்தபுரம் தொடங்கிக் கர்நாடகம் வரை பல பத்தாண்டுகள் அதுதான் ஆண்டது. 1967இல் வந்த டி.எம்.வி. 7, டென்னசி வொயிட் என்ற அமெரிக்கக் கடலையிலிருந்து பிரித்தெடுத்த ரகம். விருத்தாசலத்தில் மகாராஷ்டிரத்தின் ஜே.எல். 24ஐயும் கோ 2ஐயும் கலந்து 1989இல் வி.ஆர்.ஐ. 2ஐக் கொண்டுவந்தார்கள். அதையே ஒரு பெற்றோராக வைத்துத் திருப்பதியில் உருவாக்கிய வறட்சி தாங்கும் ரகம்தான் தரணி. இவை எல்லாமே கொத்து ரகங்கள், ஏறத்தாழ 100 முதல் 110 நாள். 2020இல் முறைப்படி வெளியான ஆந்திரத்தின் கதிரி லேபாக்ஷி 1812 பற்றித்தான் இப்போது பேச்சு அதிகம். செடிக்குச் செடி காய் கொத்துக்கொத்தாகத் தொங்கும் காணொளிகள் கைபேசிகளில் சுற்றுகின்றன. காய் அதிகம் என்பது உண்மை. வயது 110 நாளைத் தாண்டி 120ஐத் தொடும் என்பதும் உண்மை.

அந்தப் பத்துப் பதினைந்து நாளின் விலை என்ன? ஜூலை 1ஆம் தேதி விதைத்தால் 105 நாள் ரகம் அக்டோபர் 14இல் பிடுங்கத் தயார். 120 நாள் ரகத்துக்கு அக்டோபர் 29 ஆகும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் அக்டோபர் 20. ஒன்று மழைக்கு முன்னால் களத்துக்கு வந்துவிடுகிறது, மற்றது மழையில் நிற்கிறது. முதல் மழை தாமதித்து ஜூலை 20இல் விதைத்தால் 105 நாள் ரகமே நவம்பர் 2க்குப் போய்விடும், 120 நாள் ரகம் நவம்பர் 17க்கு. கொத்து ரகங்களுக்குப் பொதுவாக விதை உறக்கம் குறைவு. முற்றிய காய் ஈரமண்ணில் சில நாள் கிடந்தாலே ஓட்டுக்குள் பருப்பு முளைவிடும். பிடுங்கிய செடியைக் காயவைக்க வெயில் இல்லாமல் போனால் பூஞ்சாணம் பிடித்து அஃப்ளாடாக்ஸின் நஞ்சு ஏறும். ஐரோப்பிய ஒன்றியம் அப்படியே உண்ணும் கடலையில் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. நம் வியாபாரி அத்தனை நுட்பமாகப் பார்க்கமாட்டார். கறுத்த காயைக் கையில் எடுத்ததும் விலையைத் தட்டிவிடுவார். 600 கிலோவில் பத்தில் ஒரு பங்கு முளைத்தும் கறுத்தும் போனால் 60 கிலோ, 4,358 ரூபாய். மிச்சத்தில் கிட்டத்தட்ட முப்பது சதவீதம்.

கிணறும் சொட்டுநீரும் வைத்திருப்பவருக்கு இந்தக் கவலை வேறு மாதிரி. மார்கழி, தையில் விதைத்துச் சித்திரையில் பிடுங்குகிறவருக்கு 120 நாள் ரகம் ஒரு தொல்லையே இல்லை. அங்கே 1812 தன் விளைச்சலைக் காட்டட்டும்.

அடுத்தது உடைப்புத்திறன். நூறு கிலோ காயை உடைத்தால் எத்தனை கிலோ பருப்பு தேறும் என்பதே அது. நல்ல கொத்து ரகத்தில் 75 வரை வரும். ஓடு தடித்த ரகமோ, பொக்கு (பருப்புப் பிடிக்காத வெற்றுக்காய்) அதிகமான நிலமோ ஆனால் 68க்கு இறங்கும். 600 கிலோ காயில் 75 சதவீதம் என்றால் 450 கிலோ பருப்பு. அதே 450ஐ 68 சதவீத ரகத்தில் எடுக்க 662 கிலோ காய் வேண்டும். அதாவது ஏக்கருக்கு ஒன்றரை மூட்டை அதிகம் விளைந்தாலும் பருப்பில் இரண்டும் சமம். அதிகமாக வந்தது முழுக்க ஓடு. ஆதரவு விலையில் காய் வாங்கினால் 75 சதவீத ரகத்தில் ஒரு கிலோ பருப்பின் அடக்கம் 96 ரூபாய் 84 காசு, 68 சதவீத ரகத்தில் 106 ரூபாய் 81 காசு. இந்தப் பத்து ரூபாய் வித்தியாசத்தை வியாபாரி நன்றாக அறிவார். சாக்கின் அடிவரை கையை விட்டு ஒரு பிடி அள்ளுகிறார். குலுக்கினால் கலகலக்க வேண்டும், இல்லையென்றால் ஈரம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு காயை உடைத்து, ஓட்டின் உட்புறத்தைப் பார்க்கிறார். முற்றிய காயில் அது பழுப்பேறிக் கறுத்திருக்கும், இளங்காயில் வெள்ளையாக இருக்கும். சுருங்கிய பருப்பை ஒதுக்கிவிட்டு மீதியை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துவிட்டு விலை சொல்கிறார். ரகத்தின் பெயரை அவர் கேட்பதே இல்லை.

பொக்கு விழுவதில் ரகத்துக்கும் பங்குண்டு. கடலைக்காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை வேர் வழியாகப் பெறுவதில்லை. மண்ணுக்குள் இறங்கிய விழுதும் காயும் சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து நேராக உறிஞ்சிக்கொள்கின்றன. காய் பெருக்கப் பெருக்க இந்தத் தேவையும் கூடும். அதனால்தான் பெரும்பருப்பு ரகங்களில் ஜிப்சம் போடாமல் விட்டால் பொக்கு அதிகமாகத் தெரிகிறது. ஹெக்டேருக்கு 400 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, ஏக்கருக்கு 160. நாற்பது நாள் கழித்து, ஈரம் பார்த்துப் போட்டு மண் அணைக்க வேண்டும். 800 ரூபாய்ச் செலவு. உடைப்புத்திறன் 70லிருந்து 73க்கு ஏறினால் 600 கிலோ காயில் 18 கிலோ பருப்பு கூடும். மானாவாரியில் முதலில் வெட்டப்படும் செலவும் இதுதான், வேடிக்கை.

பருப்பின் எடைக்கு வருவோம். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. என்றால் ஏக்கருக்கு ஏறத்தாழ 1,34,900 செடி. நூறு பருப்பு 35 கிராம் நிற்கும் சிறுபருப்பு ரகத்தில், முளைப்பு 85 சதவீதம் என்று கொண்டால் 55 கிலோ விதை போதும். நூறு பருப்பு 45 கிராம் என்றால் 71 கிலோ ஆகிவிடும். கூடுதல் 16 கிலோ, 2,080 ரூபாய். காய்க் கணக்கில் 29 கிலோ. பெரும்பருப்பு ரகம் குறைந்தது அவ்வளவாவது அதிகம் காய்த்தால்தான் விதைக்காசு திரும்பும். 71 கிலோ போட வேண்டிய இடத்தில் பலர் கைச்செலவுக்குப் பயந்து 55 கிலோவையே பரப்பிவிடுகிறார்கள். நிலத்தில் இடைவெளி விழுகிறது, ரகத்துக்குக் கெட்ட பெயர்.

பெரும்பருப்புக்குச் சந்தையில் மதிப்பு இல்லாமலில்லை. ஏற்றுமதி வணிகத்தில் ஓர் அவுன்ஸுக்கு எத்தனை பருப்பு என்று எண்ணித் தரம் பிரிக்கிறார்கள். அவுன்ஸ் 28.35 கிராம். 50/60 தரம் என்றால் நூறு பருப்பு 47 முதல் 57 கிராம் வரை. 80/90 என்றால் 31 முதல் 35 கிராம். வறுகடலை, மசாலாக்கடலை செய்கிறவர்களுக்கு முதலாவது பிடிக்கும். கடலைமிட்டாய்க்கும் சட்னிக்கும் செக்குக்கும் இரண்டாவதே தாராளம். தரம் பிரித்து வாங்கும் ஆள் பக்கத்தில் இல்லாதபோது பெரும்பருப்பு விளைவித்து, கலவையாகச் சாக்கில் போட்டு விற்பதில் ஒரு பைசா அதிகம் கிடைக்காது.

இந்த அளவுகோல்கள் கடலைக்கு மட்டும் சொந்தமில்லை. அமெரிக்காவின் டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் பீக்கன் கொட்டை ரகங்களை ஒப்பிடும்போதும் ஒரு பவுண்டுக்கு எத்தனை கொட்டை, பருப்பு எத்தனை சதவீதம் என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பருப்பு ஐம்பது சதவீதத்துக்கு மேல் என்றால் நல்ல கொட்டை. மேற்கு டெக்சாஸின் வறண்ட காற்றில் கொழிக்கும் வெஸ்டர்ன் ரகம் ஜார்ஜியாவின் ஈரக்காற்றில் சொறிநோய் பிடித்து வீணாகும். கொட்டையை அளக்கும் கோல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், மரம் நிற்குமா என்பதை மழை தீர்மானிக்கிறது.

எண்ணெய்ச் சதவீதத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. நூறு கிலோ பருப்பில் 48 சதவீதம் எண்ணெய், செக்கில் ஆட்டியபின் பிண்ணாக்கில் 10 சதவீதம் தங்குகிறது என்றால் கையில் வருவது 42.2 கிலோ. ரகம் 50 சதவீதம் என்றால் 44.4 கிலோ. நூறு கிலோவுக்கு 2.2 கிலோ, ஏக்கரின் 450 கிலோ பருப்புக்கு 10 கிலோ எண்ணெய். சின்னத் தொகை அல்ல. ஆனால் காயாக விற்கிறவருக்கு அதில் சல்லிக்காசு வராது, ஏனென்றால் களத்தில் யாரும் எண்ணெயை அளப்பதில்லை. சொந்தமாக மரச்செக்கு வைத்திருப்பவரோ ஆட்டி விற்கும் குழுவோ மட்டும் இந்த எண்ணைத் தேடினால் போதும். ஜூனாகத் நிலக்கடலை ஆராய்ச்சி நிலையமும் இக்ரிசாட் பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து உருவாக்கி 2020இல் வந்த கிர்னார் 4, கிர்னார் 5 கதையும் இதேதான். சாதாரணக் கடலை எண்ணெயில் பாதியளவு இருக்கும் ஓலிக் அமிலம் இவற்றில் 80 சதவீதத்தை நெருங்கும். எண்ணெயும் பலகாரமும் சீக்கிரம் சிக்குவாடை அடிக்காது. தின்பண்ட ஆலையோடு ஒப்பந்தம் போட்டவருக்குப் பொன். வாரச்சந்தையில் அது வெறும் கடலை.

ஆகவே மழையை நம்பும் ஏக்கருக்கு இன்று என் வாக்கு 105 நாளைத் தாண்டாத, 74, 75 சதவீதம் உடையும், 35 முதல் 40 கிராம் பருப்புள்ள ரகத்துக்கு. அது தரணியா, டி.எம்.வி.யின் பழைய உறவா, விருத்தாசலத்தின் புது வரவா என்பதை அவரவர் நிலம் சொல்லட்டும். பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ பையூர் ஆராய்ச்சி நிலையத்திலோ அந்தப் பருவத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டுவிட்டு, அதையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சோதனைக்குப் பெரிய செலவில்லை. ஒரு ரகத்துக்கு ஒரு சென்ட் போதும், 40 சதுர மீட்டர் சொச்சம். சிறுபருப்பில் 555 கிராம் விதை, பெரும்பருப்பில் 715 கிராம். 130 ரூபாய் விலைக்கு 72 ரூபாயும் 93 ரூபாயும். ஒரே நாளில் விதைத்து, ஒரே அளவு ஜிப்சம் போட்டு, ஓரச்செடிகளை விட்டுவிடாமல் சென்ட் முழுவதையும் பிடுங்கி, நன்றாகக் காய்ந்தபின் நிறுக்க வேண்டும். சென்ட்டுக்கு 6 கிலோ என்றால் ஏக்கருக்கு 600. பிறகு பொறுக்காமல் 200 கிராம் காயை எடுத்து உடைத்து, பொக்கும் சுருக்கமும் நீக்கி, பருப்பை நிறுக்க வேண்டும். 150 கிராம் வந்தால் 75 சதவீதம். கடலை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர், களத்தில் கலந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் அடுத்த வருஷ விதையும் அதிலேயே உண்டு: 6 கிலோ காயில் நாலரைக் கிலோ பருப்பு, அது 8 சென்ட்டுக்கு ஆகும், 8 சென்ட்டில் 48 கிலோ காய் வந்தால் 36 கிலோ பருப்பு, மூன்றாம் வருஷம் 65 சென்ட்.