பனை முடியில் ஊறும் மது

மேல்நாடுகளிற் சென்ற ஐம்பது ஆண்டுகளாக ஒரு புது நாட்டம் வளர்ந்து வந்திருக்கின்றது. பேராலைகள் எங்கும் ஒரே சுவையாக அடைத்தனுப்பும் பியரை ஒதுக்கி, அவ்வவ்வூரிற் சிறு அளவில் ஆக்கப்படும் பியரை அவ்வூர் மதுச்சாலையிலேயே அமர்ந்து அருந்துவதைப் பலர் விரும்புகின்றனர். மரபு முறைப் பியரைக் காப்பதற்கென்றே பிரித்தானியாவில் 1971 ஆம் ஆண்டில் ஓர் இயக்கம் தோன்றியது. 1976 இல் ஜாக் மெக்கோலிஃப் என்பார் கலிபோர்ணியாவில் நிறுவிய சிற்றாலை, அமெரிக்காவில் இம்முயற்சிக்கு முன்னோடியாயிற்று.

நமது நாட்டிலும் பியருக்கு ஒரு பழங்கதை உண்டு. நைல் நதியின் மூலத்தைத் தேடிப் பின்னாளிற் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1849 அளவில் நுவரெலியாவின் குளிரிற் பியர் காய்ச்சிப் பார்த்தார். ஆனால் நுவரெலியாவின் குளிரும் வன்னியின் வெயிலும் வேறு. பரந்தனுக்கும் பளைக்கும் இடையே பியர்ச் சிற்றாலையைத் தேடுவோர் அலைந்து களைப்பர். ஊரிலேயே ஊறி, ஊரிலேயே அருந்தி முடிக்கப்படும் மது இங்கு வேறொன்று. அது கள்; அதை விற்குமிடம் தவறணை. தவறணை என்பது போர்த்துக்கீசர் விட்டுச் சென்ற சொல். கள்ளோ அவர்களின் கப்பல்கள் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இங்கு இருந்தது. அதியமானை இழந்த ஒளவையார் அவனோடு கள்ளுண்ட நாட்களையும் நினைந்து புலம்புவதைப் புறநானூற்றிற் காண்கின்றோம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார் என்பதையும் உடன் சொல்லிவிடுவது நேர்மை.

குடும்பப் பகுதியிற் கள்ளைப் பற்றி எழுதுவதா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அப்பம் சுடும் வீட்டார் சுளிக்க மாட்டார்கள். மா பொங்கிப் புளிக்க ஒரு சிறங்கை கள் விடுவது நமது பாட்டிமாரின் வழக்கம். அந்தக் கள்ளில் உள்ள மதுவம் என்னும் நுண்ணுயிரின் இனமே பாணையும் பொங்கச் செய்கின்றது, பியரையும் நுரைக்கச் செய்கின்றது. சருக்கரையைத் தின்று மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளியிடுவது அதன் தொழில். வாயு அப்பத்திற் கண் கண்ணாகத் துளையிடும். மதுசாரம் அடுப்புச் சூட்டிற் பெரும்பாலும் பறந்துவிடும்.

கள் உண்டாகும் விதத்தை அறிந்தால் வியப்பு மிகும். விரியாத பனம்பாளையை நாரினாற் கட்டி, மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைப் பாளைக்கத்தியால் ஓலைபோல் மெலிதாகச் சீவுவர். பதம் தப்பினாற் சாறு வராது. அழுத்தம் கூடினாற் பாளை அழுகும். சாறு சொட்டத் தொடங்கிய பின் காலையும் மாலையும் புதிதாகச் சீவிக்கொண்டே இருத்தல் வேண்டும்; இல்லையேல் வெட்டுவாய் அடைத்துவிடும். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் நுண்ணுயிர்கள் அடங்கிக் கிடக்கும். இறங்குவது இனிய கருப்பநீர். அதைக் காய்ச்சினாற் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாவிடின் முட்டியிலுள்ள பழங்கள்ளின் எச்சமும் காற்றில் வரும் மதுவமும் சேர்ந்து வேலையைத் தொடங்கிவிடும். மரத்தின் முடியிலேயே, ஆலையுமின்றி அடுப்புமின்றி, மது ஊறிவிடுகின்றது.

பெல்ஜியத்தில், பிரசெல்ஸ் நகரை அடுத்த ஊர்களில், லாம்பிக் என்றொரு பியர் உண்டு. காய்ச்சிய தானியச் சாற்றை அகன்ற திறந்த தொட்டிகளில் ஓரிரவு ஆறவிடுவர். வளர்த்த மதுவம் எதனையும் சேர்ப்பதில்லை. காற்றிலும் மரப்பீப்பாய்களிலும் உள்ளவையே அதைப் புளிக்கவைக்கும். உலகத்து இரசிகர்கள் அதைத் தேடிச் செல்கின்றனர். 2016 ஆம் ஆண்டில் பெல்ஜியத்தின் பியர்ப் பண்பாடு முழுவதையும் யுனெஸ்கோ தனது மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. முறையால் நமது கள்ளும் லாம்பிக்கும் உடன்பிறப்புகளே. மதிப்பிலோ ஒன்று மாடத்திலும் மற்றொன்று வேலிக்கு வெளியிலும் இருக்கின்றது.

லாம்பிக் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிரும். கள்ளிற்கு ஆயுள் ஒரு நாளே. காலையில் இறக்கியது இனிப்பும் மெல்லிய புளிப்புமாக இருக்கும். வெயில் ஏற ஏற இனிப்புக் குறைந்து உறைப்பு மிகும். மதுசாரம் அப்போது ஏறத்தாழ 5 சதவீதம், பியரின் அளவு. மறுநாள் அது வினாகிரியாகும் வழியிற் சென்றுவிடும். ஆகவே கள்ளைச் சுவைக்க வேண்டுவோர் கள்ளிடம் போக வேண்டும். ஓலைக்கொட்டில், ஒரு வாங்கு, பனையோலையிற் கோலிய பிளா, கடிப்பதற்குப் பொரித்த மீன் என்பதே பழைய தவறணையின் கோலம். இது ஆண்பனைக் கள்ளா, பெண்பனைக் கள்ளா, தென்னங்கள்ளா என்று முதல் மிடறிலேயே சொல்லும் நாக்குடையோர் இருந்தனர். வேற்றுநாட்டில் அவர்களைப் பியர் விற்பன்னர் என்பார்கள். இங்கே குடிகாரர் என்றோம்!

இதனினும் கொடியது, சீவும் தொழிலாளரை நாம் நடத்திய முறை. அவர் இறக்கிய கள்ளைப் பருகியவர்கள் அவரைத் திண்ணையில் ஏற்றவில்லை. 1960களில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடையினுள் அமர்ந்து தேநீர் அருந்தும் உரிமைக்கே போராட வேண்டியிருந்த மக்களுள் சீவல் தொழிலாளர் பலர். 1972 இல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்து, கள்ளை அளந்து கொடுத்துப் பணம் பெறும் ஒழுங்கு வந்தபோதுதான் அத்தொழிலுக்குச் சிறிது முதுகெலும்பு கிடைத்தது. தளைநாரைக் காலில் மாட்டி நாளொன்றுக்கு இருமுறை பல மரங்களில் ஏறுபவருக்கு ஒரு சறுக்கல் போதும், வாழ்நாள் முழுதும் படுக்கை.

தவறணையால் அழிந்த குடும்பங்களும் உண்டு. கூலி முழுவதையும் பிளாவில் ஊற்றிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவனின் பிள்ளைகளுக்குக் கள்ளின் சுவையைப் பற்றி நாம் சொல்லத்தக்கது எதுவுமில்லை. இருபத்தொரு வயதிற்குட்பட்டோருக்கு மது விற்பதை 2006 ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. மாணவர் அதை நினைவிற் கொள்க. தமிழ்நாட்டிலோ 1987 முதல் கள்ளிற்கே தடை. ஆனால் அங்கே அரசுக் கடைகளிற் போத்தல் மது தாராளமாக விற்பனையாகின்றது. ஏறுபவனின் பிழைப்பை மூடி ஆலைக்காரனின் கதவைத் திறந்துவிடும் இந்த மதுவிலக்கை நமது அறிவு ஏற்க மறுக்கின்றது.

வன்னியில் இவ்விடயம் இப்போது ஒரு முடிச்சில் வந்து நிற்கின்றது. போர்க்காலத்திற் பனைகள் எறிகணையில் தலையிழந்தன. பதுங்குகுழிகளுக்குக் குற்றிகளாகத் தறிக்கப்பட்டன. 2009 மே மாதத்திற் போர் முடிந்து, முகாம்களிலிருந்து மக்கள் மீண்ட பின், பல இடங்களில் மீண்டும் பனம்விதை ஊன்றப்பட்டது. பனை பாளை தள்ளப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் செல்லும். அப்போது நட்டவை இப்பொழுதுதான் அந்தப் பருவத்தை எட்டிக்கொண்டிருக்கின்றன. மரம் ஆணா பெண்ணா என்பதும் பாளை வந்த பின்னரே தெரியும்.

ஏறுவோரின் தொகையோ சுருங்குகின்றது. தந்தை பட்ட இழிசொல்லை மகன் பட விரும்பவில்லை. அவன் முச்சக்கரவண்டி ஓட்டவோ கொழும்புக்குப் போகவோ எண்ணுகின்றான். அவனைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. விழுந்தால் மருத்துவச் செலவிற்கு வழியும், பருவமில்லா மாதங்களிற் பனங்கட்டி முதலியவற்றால் வரும்படியும், மரத்தினின்று இறங்கியதும் “வாருங்கள், இருங்கள்” என்று அழைக்கும் திண்ணையும் இருந்தால் அவன் மனம் மாறக்கூடும். பளையிலும் பூநகரியிலும் முள்ளியவளையிலும் வடலிகள் வளர்ந்து நிற்கின்றன.