ஓடும் வீடா, இழுக்கும் வீடா?

கேரவன் என்றதும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வருவது, படப்பிடிப்பு இடைவேளையில் நடிகர்கள் ஏறி உட்காரும் குளுகுளு வண்டிதான். ஆனால் பெங்களூர் அல்சூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஓராண்டாக இதே பேச்சு.

கணவர் பொதுத்துறைத் தொழிற்சாலையில் போர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது 66. மனைவிக்கு 61. பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள். இனி ஊர் சுற்ற வேண்டும். ஓட்டல் ஓட்டலாக மூட்டை தூக்காமல் சொந்தப் படுக்கை, சொந்தச் சமையல், சொந்தக் கழிவறையோடு சுற்ற வேண்டும் என்பது ஆசை. மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கடைசியாகச் சொன்னதன் அருமை தெரியும்.

ஆசையில் இருவருக்கும் ஒற்றுமை. வண்டியில்தான் வேற்றுமை.

கணவருக்குப் பிடித்தது "மோட்டார் ஹோம்". வேன் அளவிலோ பஸ் அளவிலோ என்ஜினும் வீடும் ஒரே வண்டியாக இருக்கும். மனைவி சொன்னது, காரின் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துச் செல்லும் சிறிய கேரவன். இந்த வகை நம் நாட்டில் அபூர்வம். ரெயில் பாஷையில் சொன்னால் முதலாவது மின்சார ரெயில், பிரிக்க முடியாது. இரண்டாவது என்ஜினும் பெட்டியும். பெட்டியை நிறுத்திவிட்டு என்ஜின் மட்டும் கழன்று போகலாம்.

லைசென்சு இருக்கிறது, கண்?

பெரிய வண்டிக்குத் தனி லைசென்சு வேண்டுமோ என்று கணவர் முதலில் தயங்கினார். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால் சாதாரண இலகு ரக வாகன லைசென்சே போதும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவுபடுத்திவிட்டது. அவர் முகம் மலர்ந்தது.

மனைவி விடவில்லை. "ஏங்க, உங்களுக்குக் கண் தெரியாமப் போனா இந்த வீட்டை யாரு நகர்த்துறது?" என்று கேட்டார்.

கேள்வி நியாயமானது. 55 வயதுக்கு மேல் லைசென்சை ஐந்தாண்டுக்குத்தான் புதுப்பிப்பார்கள். ஒவ்வொரு முறையும் டாக்டர் சான்று வேண்டும். கணவருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. இங்கிலாந்தில் 1997-க்கு முன் கார் லைசென்சு எடுத்தவர்கள் ஏழரை டன் வரை ஓட்டலாம். ஆனால் 70 வயதானால் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்கு மருத்துவ அறிக்கை கொடுத்தால்தான் அந்த உரிமை நீடிக்கும். அங்கே முதியவர்கள் பலர் சிறிய வண்டிக்கு இறங்கி வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழைய வேன் வாங்கி, தெரிந்த பட்டறையில் கட்டிலும் கழிவறையும் வைத்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். கேட்க மலிவாகத்தான் இருக்கிறது. ஆனால் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மனம்போல் மாற்றக் கூடாது என்பது 2019 ஜனவரியில் வந்த தீர்ப்பு. மோட்டார் கேரவன்களுக்கு ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தர விதியே இருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்காமல் பட்டறைக்கு முன்பணம் கொடுப்பவர் பணத்தைத் தண்ணீரில் போட்டவர்.

பால் வாங்கப் போன வீடு

வாங்குமுன் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று, நான்கு நாளுக்கு ஒரு மோட்டார் ஹோமை டிரைவரோடு வாடகைக்கு எடுத்தார்கள். பேலூர், ஹளேபீடு பயணம். முதல் நாள் அரண்மனைதான். இரண்டாம் நாள் காலையில் பால் தீர்ந்துவிட்டது. கடை இரண்டு கிலோமீட்டர். மின்சார ஒயரைக் கழற்றி, பாத்திரங்களை அலமாரியில் பூட்டி, படுக்கையை மடித்து, வீடே புறப்பட்டது அரை லிட்டர் பாலுக்கு! கடைத்தெருவில் வண்டியைத் திருப்ப இடமில்லை. கணவர் அன்று காப்பி குடிக்கும்போது எதுவும் பேசவில்லையாம்.

இழுக்கும் கேரவனிலும் தொல்லை உண்டு. பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் கேரவன் வலப்பக்கம் போகும், பழக நாளாகும். கொக்கி மாட்டக் குனிய வேண்டும். சட்டத்தின் கண்ணில் அதுவும் ஒரு மோட்டார் வாகனம்தான். தனிப் பதிவு உண்டு. இழுக்கும் காரின் நம்பரையும் அதில் எழுத வேண்டும். எடை முக்கியம். 100 லிட்டர் தண்ணீர் நிரப்பினாலே 100 கிலோ கூடிவிடும். சாமானோடு கேரவனின் எடை, காரின் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது இங்கிலாந்துக்காரர்களின் கணக்கு. ஓடும்போது உள்ளே யாரும் படுத்துக்கொண்டு வரவும் கூடாது.

ஆனாலும் ஒரு லாபம். முடியாத காலம் வந்தால் கேரவனை விற்றுவிடலாம். ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் மிஞ்சும். மோட்டார் ஹோமில் போட்டால் ஓய்வுப் பணத்தில் பாதி ஒரே வண்டியில் முடங்கும். அதை நிறுத்த அல்சூர் சந்தில் இடம் ஏது? கேரவனுக்குக் கோலார் தங்கவயலில் மைத்துனர் வீட்டுத் தோட்டம் இருக்கிறது.

கடைசியில் கணவர் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. "நானே எத்தனை நாள் ஓட்டுறது? நீயும் கத்துக்கணும்."

மனைவி மறுநாளே டிரைவிங் பள்ளியில் சேர்ந்துவிட்டார். பழகுநர் லைசென்சு கைக்கு வந்துவிட்டது. ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்ததும் சோதனைக்குப் போகலாம். காரின் முன்னும் பின்னும் சிவப்பு "எல்" எழுத்து ஒட்டியாகிவிட்டது. கேரவனுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை. சோதனையில் தேறிய பிறகுதான் கட்டுவதாம்.