தலைநகர்ல குடியிருந்தா எம்.பி. கிடையாதா?

அமெரிக்காவில் கார் நம்பர் பிளேட்டில் பெரும்பாலும் அந்தந்த மாநிலத்தின் பெருமையைச் சொல்லும் வாசகம் ஒன்று இருக்கும். வாஷிங்டன் டி.சி. வண்டிகளில் மட்டும் 2000ஆம் ஆண்டிலிருந்து ஒரு புகார் ஓடிக்கொண்டிருக்கிறது: "பிரதிநிதித்துவம் இல்லாத வரிவிதிப்பு". பிரிட்டிஷ் ராஜாவுக்கு எதிராக அமெரிக்கர்கள் எழுப்பிய அதே கோஷம்தான்!

அப்படி என்ன புகார்? 2020 கணக்கெடுப்பின்படி டி.சி.யில் 6,89,545 பேர். வயோமிங் மாநிலத்தில் 5,76,851 பேர்தான். ஆனால் வயோமிங்குக்கு செனட்டில் ரெண்டு பேர், பிரதிநிதிகள் சபையில் ஒருத்தர். டி.சி.க்கு செனட்டில் யாருமே இல்லை. கீழ்சபையில் ஒரு 'டெலிகேட்' உண்டு. அவர் பேசலாம், மசோதா கொண்டுவரலாம், குழுக்களில் ஓட்டுப் போடலாம். சபையில் இறுதி வாக்கெடுப்பு வந்தால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 1991இல் அந்தப் பதவிக்கு வந்த எலினோர் ஹோம்ஸ் நார்ட்டன் முப்பது வருஷத்துக்கு மேல் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

சரி, ஏன் இப்படி? 1783இல் சம்பளம் வராத படைவீரர்கள் பிலடெல்பியாவில் காங்கிரஸ் கூடிய கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். பென்சில்வேனியா மாநில அரசு படை அனுப்ப மறுத்துவிட்டது. உறுப்பினர்கள் ஊரை விட்டே கிளம்பினார்கள். இனி எந்த மாநிலத்தின் தயவும் வேண்டாம், தலைநகர் காங்கிரஸின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்கட்டும் என்று அரசியல் சாசனத்தில் எழுதிவிட்டார்கள். மேரிலாண்டும் வர்ஜீனியாவும் நிலம் கொடுத்தன. 1801இல் காங்கிரஸ் நிர்வாகத்தை எடுத்துக்கொண்டதும், அங்கே ஏற்கெனவே ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர்களின் ஓட்டு போச்சு.

அதிபர் தேர்தலில் ஓட்டுரிமை கிடைக்கவே 1961 வரை, 23ஆவது திருத்தம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. 1973 சட்டத்தால் மேயரும் நகர கவுன்சிலும் வந்தார்கள். ஆனால் கவுன்சில் போடும் சட்டத்தைக் காங்கிரஸ் ரத்து செய்யலாம், பட்ஜெட்டிலும் கை வைக்கலாம்.

இதெல்லாம் வெறும் கௌரவப் பிரச்சினைன்னு நினைச்சிடாதீங்க. போதை ஊசியைப் பகிர்ந்துகொள்வதால் எச்.ஐ.வி. பரவும். அதைத் தடுக்கப் பல நகரங்கள் பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி கொடுத்தன. டி.சி.யும் செய்ய நினைத்தது. தன் மக்களிடம் வசூலித்த சொந்த வரிப்பணத்தைக்கூட அதற்குச் செலவழிக்கக் கூடாது என்று 1998இல் காங்கிரஸ் தடை போட்டது. நாட்டிலேயே எச்.ஐ.வி. மிகக் கடுமையாக இருந்த ஊர்களில் அது ஒன்று. தடை நீங்கியது 2007 கடைசியில். அந்த ஒன்பது வருஷமும் தடைக்கு ஓட்டுப் போட்டவர்களில் ஒருவரைக்கூட டி.சி. மக்களால் தேர்தலில் தோற்கடிக்க முடியாது. எனக்கு இதுதான் மொத்த விஷயத்தின் மையம்.

இன்னொன்று. 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கும்பல் புகுந்தது. மாநிலமாக இருந்தால் கவர்னரே நேஷனல் கார்டு படையை அனுப்பலாம் (அங்கே கவர்னர் என்பவர் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஆள், நம்ம முதல்வர் மாதிரி). டி.சி. மேயருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அந்தப் படை அதிபரின் கீழ் வருகிறது. நம்ம டெல்லியிலும் போலீஸ் மத்திய அரசிடம்தான். ஆனா டெல்லிக்காரங்க மக்களவைக்கு 7 எம்.பி.க்களை அனுப்புறாங்களே!

தீர்வுகள் பேசப்படாமல் இல்லை. மாநிலம் போலவே இடங்கள் தரும் திருத்தத்தைக் காங்கிரஸ் 1978இல் நிறைவேற்றியது. 38 மாநிலங்கள் ஏற்க வேண்டும். ஏழு வருஷத்தில் 16தான் ஏற்றன. டி.சி.யை 51ஆவது மாநிலமாக்கும் மசோதா 2020இலும் 2021இலும் கீழ்சபையில் நிறைவேறி, செனட்டோடு நின்றுவிட்டது. சாசனத்தைத் திருத்தாமல் மாநிலமாக்க முடியாது என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். அந்த வாதத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. ஆனால் 1964 முதல் ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் டி.சி. ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போட்டிருக்கிறது. அந்தக் கட்சிக்கு இரண்டு செனட் இடங்களைக் குடியரசுக் கட்சி தூக்கிக் கொடுக்குமா என்ன?

மேரிலாண்டோடு திரும்பச் சேர்த்துவிடலாமே என்றும் சிலர் கேட்கிறார்கள். அதில் டி.சி.க்கும் ஆர்வமில்லை, மேரிலாண்டுக்கும் பெரிதாக ஆர்வமில்லை. ஆனால் வர்ஜீனியா கொடுத்த பகுதி 1840களிலேயே திரும்பிப் போய்விட்டது. அதனால் இன்றைக்கு டி.சி.யில் குடியிருக்கும் ஒருவர் போட்டோமாக் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி ஆர்லிங்டனில் வீடு பிடித்தால் போதும், ரெண்டு செனட்டர்களும், இறுதி வாக்கெடுப்பில் ஓட்டுப் போடக்கூடிய ஒரு உறுப்பினரும் அவருக்குக் கிடைத்துவிடுவார்கள்.