மலையடிவாரத்தில் ஒரு பழைய ராஜ்ஜியம்

டென்வரிலிருந்து தெற்கே கொலராடோ ஸ்பிரிங்ஸ் போகும் நெடுஞ்சாலையில் பாதி வழியைத் தாண்டியதும் லார்க்ஸ்பர் வரும். ராக்கி மலைகளின் அடிவாரம் என்கிறார்கள். ஆனால் அந்த அடிவாரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 6,700 அடி உயரம். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் தொடக்கம் வரை, சனி ஞாயிறுகளில், இங்கே பைன் மரங்களுக்கிடையே 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா கடை விரிக்கிறது. இதுதான் கொலராடோ மறுமலர்ச்சிக் காலத் திருவிழா.

ராஜா, ராணி, கோமாளி வேடமெல்லாம் நடிகர்களுக்கு மட்டும் என்றில்லை. டிக்கெட் வாங்கி வருகிறவர்களிலும் பலர் வெல்வெட் அங்கியும் தோல் காலணியுமாக வருகிறார்கள். வான்கோழித் தொடையைக் கையில் பிடித்துக் கடித்தபடி நடக்கிறார்கள். குதிரைமேல் ஈட்டிச் சண்டைக்குத்தான் பெருங்கூட்டம். முழு இரும்புக் கவசம் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். காற்று மெலிந்த இந்த உயரத்தில், கோடை வெயிலில், அதைச் சுமந்துகொண்டு குதிரையை விரட்டுவது நிஜமான உழைப்பு.

இந்த வகைத் திருவிழாவை அமெரிக்காவில் தொடங்கிவைத்தவர் ஒரு பள்ளி ஆசிரியை, ஃபிலிஸ் பேட்டர்சன். லாஸ் ஏஞ்சலிஸ் மலைச்சரிவிலுள்ள லாரல் கேன்யனில், தன் வீட்டுக் கொல்லையில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்தவர். பழைய இத்தாலிய வீதி நாடகத்தை அவர்கள் ஆடிப் பார்த்ததிலிருந்து பிறந்த யோசனை இது. 1963 மே மாதம், கணவர் ரானுடன் சேர்ந்து ஒரு வார இறுதியில் முதல் சந்தையை நடத்தினார். நேயர்களின் நன்கொடையில் நடந்த கேபிஎஃப்கே வானொலிக்கு நிதி திரட்டத்தான். சுமார் 8,000 பேர் வந்தார்கள். கையால் செய்த பொருளுக்கே இடம் என்பதில் பேட்டர்சன் தம்பதி பிடிவாதமாக இருந்தார்கள். இந்தச் சந்தைகளின் உயிர் அந்தப் பிடிவாதம்தான் என்று நான் நம்புகிறேன்.

லார்க்ஸ்பரில் என்னை நகரவிடாமல் பிடித்துவைத்தது கண்ணாடி ஊதும் பட்டறை. ஆயிரம் டிகிரியைத் தாண்டிய உலையிலிருந்து தேன் பதத்தில் ஒரு உருண்டையை இரும்புக் குழலில் சுற்றி எடுக்கிறார் கலைஞர். ஊதுகிறார், உருட்டுகிறார், திரும்பவும் உலையில் காட்டுகிறார். குழலைச் சுழற்றுவதை ஒரு நொடி நிறுத்தினாலும் உருண்டை ஒருபக்கமாகத் தொய்ந்துவிடும். சிறுவர்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். கடையில் அடுக்கிவைத்த குவளை எப்படி உருவாகிறது என்பதை முதல் முறையாகக் காணும் கண்கள் அவை. ராஜா வேடத்தை விட இதுவே மறுமலர்ச்சிக் காலத்துக்கு நெருக்கமானது.

இப்படிப்பட்ட கைவினைஞர்களில் பலர், அந்தக் கால நாடகக் கம்பெனிபோல, சந்தைக்குச் சந்தை இடம் மாறிப் பிழைக்கிறவர்கள். பிப்ரவரி, மார்ச்சில் அரிசோனா, கோடையில் கொலராடோ, ஆகஸ்ட் கடைசியில் மினசோட்டா, அக்டோபர், நவம்பரில் டெக்சாஸ். அவர்களுடைய வருமானம் நாம் வாங்கும் குவளையிலும் கத்தியிலும் இருக்கிறது. ஆகவே, போகிறவர்கள் ஈட்டிச் சண்டையோடு திரும்பிவிடாதீர்கள். பட்டறைகளின் முன் நின்று பாருங்கள், கேளுங்கள், வாங்குங்கள். கோடைப் பிற்பகல்களில் இந்த மலைகளில் இடிமழை சட்டெனத் திரளும். காலையிலேயே போய்விடுவது நல்லது.