கொள்ளைநோய்க் காலமும் நம் மனமும்

நோய் என்றால் உடலுக்கு வருவது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் ஓடுகிறோம். மனம் சோர்ந்தாலோ, "பேசாமல் இரு, தானாய்ச் சரியாகும்" என்கிறோம். உடலும் மனமும் அப்படித் தனித்தனியே வாழ்வன அல்ல என்பதைக் கொரோனா நமக்குக் காட்டிற்று.

தமிழகத்தின் முதல் கொரோனா மரணம் நம் மதுரை இராசாசி அரசு மருத்துவமனையில்தான் நிகழ்ந்தது. நாள் 2020 மார்ச் 25. நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியதும் அன்றே. ஆகவே வண்டியூர் மக்களுக்கு இஃது எங்கோ தொலைவில் நடந்த செய்தியாக இருக்கவில்லை.

அச்சம் என்பது தீயதன்று. பாம்பைக் கண்டதும் அட்ரினலின், கார்டிசால் முதலியன உடலில் சுரக்கின்றன. இதயம் விரைந்து துடிக்கிறது. ஓடுவதற்குக் கால்கள் ஆயத்தமாகின்றன. பாம்பு போனதும் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் கிருமியோ கண்ணுக்குத் தெரியாது. போய்விட்டதா என்பதும் தெரியாது. இந்தப் பதற்றம் மாதக்கணக்கில் அடங்காமல் நின்றால் உறக்கம் கெடும், பசி குறையும், படித்தது மனத்தில் தங்காது, சிறு சொல்லுக்கும் எரிச்சல் வரும். வீட்டில் இதற்குச் 'சோம்பல்', 'திமிர்' என்று பெயர் சூட்டுவார்கள்! கொள்ளைநோயின் முதலாண்டில் உலகெங்கும் மனச்சோர்வும் பதற்றமும் 25 விழுக்காடு பெருகின என்றும், இளையோரும் பெண்களும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் அறிவித்தது. அத்தனை பேருமா சோம்பேறிகள்?

நம் பாட்டிமார் காலத்தில் பெரியம்மை இருந்தது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவர். வெளியார் உள்ளே வரமாட்டார். அடுப்பில் தாளிப்பு இராது. குணமானதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவர். தெப்பக்குளத்து மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வோரும் உண்டு. அந்நோய் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோனது என்பதை நாம் மறக்கவில்லை. எனினும் அந்தத் தனிமைக்கு ஊரறிந்த ஒரு தொடக்கமும் முடிவும் இருந்தன. கொரோனா வந்த வீட்டு வாசலில் ஒட்டிய அறிவிப்போ வெட்கத்தையே கொண்டுவந்தது. நோய் தீர்ந்த பின்னும் அக்கம்பக்கத்தார் ஒதுங்கிப் போனதுதான் பலருக்கு ஆறாத புண்ணாயிற்று.

துக்கமும் அவ்வாறே. சாவு வீட்டிற்கு 20 பேருக்கு மேல் செல்ல இயலவில்லை. கட்டியழுது, முப்பதாம் நாள் வரை உடனிருந்து ஆற்றும் உறவினர் எங்கோ இருந்தனர். அழுது தீராத துக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது. 2020-இல் உயிர்ப்புப் பெருவிழாவன்று ஆலயங்கள் மூடியிருந்தன. 2020, 2021 ஆகிய இரு சித்திரையிலும் அழகர் வைகையில் இறங்கவில்லை, வண்டியூருக்கும் வரவில்லை. ஊர் கூடுவது வெறும் வேடிக்கையன்று, மனத்திற்கு மருந்து என்பதை அது இல்லாதபோதுதான் உணர்ந்தோம்.

மாணவியரின் இழப்பு வேறுவகை. 2020 மார்ச்சில் ஐந்தாம் வகுப்பிலிருந்த சிறுமி, 2021 நவம்பரில் பள்ளி திறந்தபோது நேராக ஏழாம் வகுப்பில் அமர்ந்தாள். ஆறாம் வகுப்பு என்பதே அவளுக்கு இல்லை. இடையில் வீட்டில் ஒரே கைப்பேசி; அதுவும் அண்ணன் பாடம் முடிந்த பிறகே அவள் கைக்கு வரும். கணக்கில் பின்தங்கியதை ஆசிரியைகள் ஈடுசெய்யலாம். தோழியருடன் சண்டையிட்டுச் சமாதானமாகக் கற்கும் வயது அறைக்குள்ளே கழிந்ததை ஈடுசெய்ய நாளாகும். கூட்டத்தைக் கண்டு கூசும் தோழியரை இன்றும் நம் வகுப்புகளில் காணலாம். அவர்களைக் கேலி செய்யாமல் அருகில் அமர்வது நம்மால் முடியும்.

குறித்த நேரத்தில் உறங்குவதும், வெயிலில் சிறிது ஆடுவதும், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் பேசுவதும் பெரும்பாலோர்க்குப் போதும். சோர்வு இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலும்கூடவோ, உடனே பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும். மனநல மருத்துவரிடம் போவது பைத்தியத்தின் அடையாளமன்று. 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.