ரெண்டு போட்டோ... கொஞ்சம் இசை... ஒரு போர்ப்படம்!

ரெண்டு போட்டோ, கொஞ்சம் இசை, ஒரு எடிட்டிங் மெஷின் கொடுங்கள், படம் எடுத்துத் தருகிறேன் என்றார் ஒருவர். வாய்ச்சவடால் இல்லை. கியூபாவின் சாண்டியாகோ ஆல்வாரெஸ் (1919-1998) அதைச் செய்தே காட்டினார்.

அமெரிக்கா வணிகத் தடை போட்ட பிறகு அங்கே பிலிமுக்கே திண்டாட்டம். ஆல்வாரெஸ் அமெரிக்கப் பத்திரிகைகளில் வந்த போட்டோக்களையே வெட்டி, ஸ்டாண்டில் மாட்டிய கேமராவுக்குக் கீழே வைத்துப் படம் பிடித்தார். 1965-ல் வந்த 'நவ்' அப்படிப்பட்டதுதான். கறுப்பின மக்களைப் போலீஸ் அடிக்கும் படங்கள், கூடவே லீனா ஹார்னின் பாட்டு. ஆறே நிமிடம்! (அந்தப் பாட்டின் மெட்டு 'ஹவா நகிலா' என்ற யூதர்களின் கொண்டாட்டப் பாட்டிலிருந்து வந்தது.)

டெக்னிக் என்னவென்றால், சினிமாவில் நொடிக்கு 24 பிரேம். ஒரு போட்டோவை 72 பிரேம் எடுத்தால் திரையில் 3 நொடி நிற்கும். 6 பிரேம் மட்டும் எடுத்தால் கால் நொடியில் கன்னத்தில் அறைந்த மாதிரி போய்விடும். பிரேமுக்குப் பிரேம் கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினால், கூட்டத்திலிருந்து ஒரு முகம் மட்டும் நம்மை நோக்கி வரும். தாளம் விழுகிற இடத்தில் வெட்டினால் அசையாத போட்டோகூட அடி வாங்கித் துடிக்கும்! டெலிவிஷன் நிலைய இசை நூலகத்தில் வேலை பார்த்தவராச்சே, காது சும்மா இருக்குமா?

இதே கையோடு வியட்நாம் போருக்குப் போனார். ஹோ சி மின் 1969-ல் தமது 79-ஆம் வயதில் இறந்தபோது எடுத்தது '79 வசந்தங்கள்'. பூக்கள் மெல்ல விரியும். அடுத்து குண்டுகள் விழும். இறுதி அஞ்சலியில் ஜனங்கள் அழும்போது கேட்பது அயர்ன் பட்டர்ஃபிளை என்ற அமெரிக்க ராக் குழுவின் இசை. குண்டு போடுகிற நாட்டின் பாட்டிலேயே ஒப்பாரி! கடைசியில் போர்க்காட்சி ஓடும்போதே பிலிம் கிழிகிறது, எரிகிறது, ஓரத்து ஓட்டைகள் தெரிகின்றன. புரொஜெக்டர் ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள், வேண்டுமென்றே செய்ததுதான்.

அரசு நிறுவனத்துக்காக எடுத்த பிரச்சாரப் படங்கள்தான் இவை. ஆல்வாரெஸ் அதை மறைக்கவும் இல்லை. என்னை உறுத்துவது வேறு. போட்டோவில் அடிபட்டுக் கிடப்பவன், 'என் மேல் பாட்டுப் போடு' என்று சொல்லவில்லையே! நல்ல தாளம் சேர்ந்தால் பிணம்கூட அழகாகத் தெரிந்துவிடும். செல்போனிலேயே எடிட்டிங் செய்கிற நமக்கு இந்த ஆபத்து இன்னும் கிட்டத்தில். எனவே செய்து பார்க்கிறவர்கள், ஒருமுறை சத்தத்தை நிறுத்திவிட்டு ஓட்டிப் பாருங்கள். அந்த முகத்தை 3 நொடி பார்க்க முடிகிறதா என்று.