ஊரைக் காக்க உடைத்த கரை

மழைக்காலம் முடிந்ததும் நமது கேள்வி-பதில் பகுதிக்குத் தவறாமல் வரும் கடிதம் ஒன்று உண்டு. 'ஆற்று வெள்ளம் வயலுக்குள் புகுந்து மணல் மேடிட்டுவிட்டது. இனி இந்த நிலம் விளையுமா?' ஊர்ப் பெயர்தான் மாறும், கேள்வி மாறாது. இந்த முறை பதில் எழுத உட்கார்ந்தபோது வேறொரு வெள்ளம் நினைவுக்கு வந்தது. அது தானாகப் புகுந்த வெள்ளம் இல்லை. அரசாங்கமே வெடி வைத்துக் கரையை உடைத்து, 1 லட்சத்து 30 ஆயிரம் ஏக்கரை மூழ்கடித்தது. அமெரிக்காவில் 2011-ம் ஆண்டு மே 2-ம் தேதி இரவு நடந்த சம்பவம். அப்படிச் செய்ததற்கு முக்கியக் காரணம், ஆற்றங்கரையில் இருக்கும் கெய்ரோ என்ற சிறிய ஊர்.

மணலுக்கான பதில் கட்டாயம் வரும். ஆனால், அந்த ஊர் எப்படி வளர்ந்தது, எப்படித் தேய்ந்தது என்று தெரியாமல் அந்த இரவில் எடுத்த முடிவு சரியா தப்பா என்று பேச முடியாது. அதனால் முதலில் ஊர்.

இரண்டு ஆறுகளின் நடுவே

எகிப்து நாட்டுக் கெய்ரோ வேறு. இது இல்லினாய் மாநிலத்தின் தென்கோடி. உள்ளூர்க்காரர்கள் 'கேரோ' என்றுதான் சொல்வார்கள். மேற்கே மிசிசிப்பி, கிழக்கே ஒஹையோ. இரண்டும் கூடும் இடத்தில் நாக்கு போல நீண்டிருக்கும் நிலத்தில் ஊர் இருக்கிறது. மிசிசிப்பியைத் தாண்டினால் மிசௌரி மாநிலம், ஒஹையோவைத் தாண்டினால் கென்டக்கி மாநிலம். இல்லினாய் மாநிலத்திலேயே தாழ்வான பகுதி இதுதான்.

சுற்றுவட்டாரத்தையே 'சின்ன எகிப்து' என்பார்கள். பக்கத்தில் தீப்ஸ், கர்னாக் என்றெல்லாம் ஊர்கள் உண்டு. 1830-களில் வடக்கே கடுங்குளிரில் மக்காச்சோளம் பொய்த்தபோது, அங்கிருந்த விவசாயிகள் வண்டி கட்டிக்கொண்டு தெற்கே வந்து தானியம் வாங்கிப் போனார்களாம். பைபிளில் யாக்கோபின் பிள்ளைகள் எகிப்துக்குத் தானியம் வாங்கப் போனது போல இருந்ததால் இந்தப் பெயர் என்று கதை சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கெய்ரோ என்ற பெயர் அதற்கு முன்பே, 1818-ல் வைக்கப்பட்டுவிட்டது.

அந்த முதல் முயற்சி காகிதத்தோடு நின்றது. 1837-ல் ஒரு கம்பெனி மறுபடி கிளம்பியது. இரண்டு பெரிய ஆறுகள் கூடும் இடம், உலகமே இங்கு வந்து குவியப்போகிறது என்று விளம்பரம் செய்து, இங்கிலாந்தில் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டினார்கள். சில ஆண்டுகளில் கம்பெனி நொடித்தது. ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் 1842-ல் நீராவிப் படகில் அந்த வழியாகப் போனார். சேறும் காய்ச்சலுமாகக் கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தன் பயண நூலில் காறித் துப்பாத குறையாக எழுதினார். வரைபடத்தில் கோடு போட்டு மனை விற்பது நேற்று இன்று தொடங்கிய தொழில் இல்லை.

ஆனாலும் இடம் நல்ல இடம். 1850-களில் ரயில் பாதை வந்து சேர்ந்தது. 1858-ல் நகரமானது. 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கியதும் வடக்குப் படையின் தளபதி யூலிசஸ் கிரான்ட் இங்கே முகாமிட்டார். இரண்டு ஆறுகளையும் இங்கிருந்தே காவல் காக்க முடிந்ததுதான் காரணம். அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் இந்த முகாமில் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களில் பலர் இங்கேயே தங்கினார்கள்.

1860-ல் ஊரின் மக்கள்தொகை 2,188. பத்தே ஆண்டில் 6,267. நீராவிப் படகுகள் வரிசையில் நின்றன. ஒஹையோவில் பாலம் இல்லாததால் ரயில் பெட்டிகளையே படகில் ஏற்றி மறுகரைக்குக் கொண்டுபோனார்கள். ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டும், காத்திருப்பவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும் வேண்டும். ஊர் அதில் பிழைத்தது. மர அறுவை ஆலைகளும் பருத்திக்கொட்டை எண்ணெய் ஆலைகளும் வந்தன. 1920-ல் மக்கள்தொகை 15,203. உச்சம் அதுதான்.

ஊர் காலியான விதம்

2020 கணக்கெடுப்பில் அதே ஊரில் இருந்தவர்கள் 1,733 பேர். நூறு ஆண்டில் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே.

வெள்ளம் அடித்துக்கொண்டு போனதா என்றால் இல்லை. ஊரைச் சுற்றிக் கோட்டை போல உயர்ந்த மண் கரையும் கான்கிரீட் சுவரும் உண்டு. வடக்கே நெடுஞ்சாலை நுழையும் இடத்தில், வெள்ளம் வந்தால் இறக்கி மூட ஒரு ராட்சத இரும்புக் கதவு. 1937 பெருவெள்ளத்தில் அளவுகோல் 59.5 அடியைத் தொட்டது. கரைமேல் மண்மூட்டை அடுக்கித் தப்பித்தார்கள். ஒஹையோ கரையில் எத்தனையோ ஊர்கள் மூழ்கிய அந்த ஆண்டிலும் கெய்ரோ மூழ்கவில்லை.

ஊர் தேய்ந்ததற்கு முதல் காரணம் பாலம். 1889-ல் ஒஹையோவின் குறுக்கே ரயில் பாலம் திறந்தார்கள். அன்றைக்கு ஊரே கொண்டாடியது. ஆனால், ரயில் நிற்காமல் போகப் பழகிக்கொண்டது. நீராவிப் படகுத் தொழில் ஒடுங்கியது. பிறகு இரண்டு ஆறுகளுக்கும் சாலைப் பாலங்கள் வந்தன, லாரிகள் ஊர் வழியே போயின. 1978-ல் தேசிய விரைவுச் சாலைக்கான பாலத்தை ஊருக்கு வெளியே கட்டினார்கள். அதன் பிறகு லாரிக்காரர் டீ குடிக்கக்கூட ஊருக்குள் வரவேண்டியதில்லை.

இரண்டாவது காரணத்தை எழுதக் கை கூசுகிறது. ஆனால், விட்டுவிட்டு எழுதினால் கதை பொய்யாகிவிடும். 1909-ல் வில் ஜேம்ஸ் என்ற கறுப்பினத்தவரை, வழக்கு நீதிமன்றம் ஏறும் முன்பே, பல ஆயிரம் பேர் கூடி நடுத்தெருவில் கொன்றார்கள். கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்கச் சொன்ன காலத்தில், சேர்ப்பதற்குப் பதில் ஊரின் நீச்சல் குளத்தையே மூடினார்கள். 1967-ல் ராபர்ட் ஹன்ட் என்ற 19 வயது கறுப்பின ராணுவ வீரர் காவல் நிலையத்தில் தூக்கில் தொங்கிய நிலையில் இறந்து கிடந்தார். தற்கொலை என்றது போலீஸ், மக்கள் நம்பவில்லை. ஊர் பற்றி எரிந்தது. 1969-ல் 'எங்களுக்கு வேலை தராத கடையில் சாமான் வாங்க மாட்டோம்' என்று கறுப்பின மக்கள் முடிவெடுத்தார்கள். அந்தப் புறக்கணிப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. வேலை கொடுத்திருந்தால் கடை பிழைத்திருக்கும். கொடுக்காமல் கடையை மூடிவிட்டுப் போனவர்களே அதிகம். 1960-ல் 9,348 பேர் இருந்த ஊரில் 1970-ல் 6,277 பேர்தான்.

பிறகு ஒவ்வொன்றாகப் போயின. 1986-ல் மருத்துவமனை மூடப்பட்டது. 2015-ல் மளிகைக் கடை. 2017-ல் அரசுக் குடியிருப்புகள் வாழத் தகுதியற்றவை என்று அறிவித்து, சுமார் 400 பேரை வேறிடம் தேடச் சொன்னார்கள். அவ்வளவு சிறிய ஊரில் 400 பேர் என்றால் பள்ளிக்கூடத்தில் எத்தனை பெஞ்சு காலியாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

1928-ல் எழுதிய பத்திரம்

இனி அந்த இரவு. 1927-ல் மிசிசிப்பியில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு, கரையை உயர்த்திக்கொண்டே போனால் மட்டும் போதாது, ஆற்றுக்கு விரிந்து ஓட இடமும் வேண்டும் என்று அமெரிக்க அரசு உணர்ந்தது. 1928-ல் சட்டம் போட்டார்கள். கெய்ரோவுக்கு எதிரே மிசௌரி பக்கம், பேர்ட்ஸ் பாயின்ட் முதல் நியூ மாட்ரிட் வரை ஆற்றங்கரையை ஒட்டி ஒரு முன்கரை, சில மைல் தள்ளி உள்ளே ஒரு பின்கரை. நடுவில் இருக்கும் விளைநிலம்தான் வெள்ளத்துக்கான வடிகால். விநாடிக்கு 5 லட்சத்து 50 ஆயிரம் கன அடி தண்ணீரைத் திருப்பிவிடும் அளவுக்குத் திட்டமிட்டார்கள். நில உடைமையாளர்களுக்கு ஒருமுறை பணம் கொடுத்து, தேவைப்பட்டால் நிலத்தின்மேல் தண்ணீர் விடும் உரிமையை எழுதி வாங்கினார்கள். நிலம் அவர்களுடையது, உழலாம், விதைக்கலாம், விற்கலாம். வாங்குகிறவருக்கும் அந்தப் பத்திரம் பொருந்தும்.

1937-ல் ஒருமுறை உடைத்தார்கள். அதன்பின் 74 ஆண்டுகள் யாரும் தொடவில்லை. உடைத்ததைப் பார்த்த தலைமுறையில் மிஞ்சியவர் வெகு சிலரே.

2011 வசந்தத்தில் மழை விடவே இல்லை. இரண்டு ஆறுகளும் சேர்ந்து ஏறின. கெய்ரோவில் கரையின் உட்புறம் தரையிலிருந்து தண்ணீர் கொப்பளித்து மணலைக் கக்கத் தொடங்கியது. ஏரிப் பாசனம் செய்கிறவர்களுக்கு இதன் பொருள் தெரியும். கரையடியில் தெளிந்த நீர் கசிந்தால் பயப்படவேண்டியதில்லை. கலங்கலாக, மண்ணோடு வந்தால் கரையின் அடி கரைகிறது. மே 1-ம் தேதி ஊரைக் காலி செய்ய உத்தரவிட்டார்கள். மிசௌரி மாநில அரசு உச்ச நீதிமன்றம் வரை போயும் தடை கிடைக்கவில்லை. மே 2-ல் அளவுகோல் 61.72 அடி, அதுவரை காணாத உயரம். ராணுவப் பொறியாளர் பிரிவின் மேஜர் ஜெனரல் மைக்கேல் வால்ஷ் உத்தரவு கொடுத்தார். முன்கரைக்குள் பதித்திருந்த குழாய்களில் திரவ வெடிமருந்தை நிரப்பி, இரவு 10 மணி வாக்கில் வெடித்தார்கள். மறுநாளே கெய்ரோவில் தண்ணீர் ஒரு அடிக்கு மேல் இறங்கியது.

கதிர் விட்டு நின்ற கோதுமை மூழ்கியது. சுமார் 100 வீடுகள் மூழ்கின. மூவாயிரம் பேர்கூட இல்லாத, பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும் ஊருக்காக இத்தனை விளைநிலமா என்று மிசௌரி விவசாயிகள் கொதித்தார்கள். பொறியாளர்கள் சொன்ன பதில், இது கெய்ரோவுக்காக மட்டும் செய்தது இல்லை, அந்த அழுத்தத்தில் ஆற்றின் எந்தக் கரை எங்கே உடையும் என்று சொல்ல முடியாது என்பது. விவசாயத் துறையில் காலம் தள்ளியவன் நான். என்னைக் கேட்டாலும் உடைக்கத்தான் சொல்லியிருப்பேன். வயல் அடுத்த பருவத்தில் திரும்பி வரும். ஊருக்குள் கரை உடைந்தால் அப்படி இல்லை. ஆனால், காலியான ஊர் என்பதற்காக அதன் மதிப்பைக் குறைத்த வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. அதேபோல, 83 ஆண்டுகளுக்கு முன் யாருக்கோ கொடுத்த பணத்தோடு கணக்கு முடிந்தது என்று சொன்னதிலும் உடன்பாடு இல்லை. விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு நிற்கவில்லை. பயிர்க் காப்பீட்டிலும் முதலில் குழப்பம் வந்தது. மனிதர் உடைத்த கரை இயற்கைச் சேதம் ஆகுமா? வெள்ளம் இயற்கையானதே என்று அவர்களது வேளாண் துறை விளக்கம் கொடுத்த பிறகே இழப்பீடு கிடைத்தது.

பின்ஹுக் என்ற சிற்றூருக்குக் காப்பீட்டால் தீரும் சிக்கல் இல்லை. 1940-களில் கறுப்பினக் குத்தகை விவசாயிகள் சொந்த நிலம் தேடியபோது, அவர்களுக்கு விற்க வெள்ளையர்கள் சம்மதித்தது வெள்ளம் விடப்போகும் இந்த நிலத்தை மட்டும்தான். வாங்கி, காடு திருத்தி, வீடு கட்டி, தேவாலயமும் கட்டி வாழ்ந்தார்கள். 2011-ல் அங்கு மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 30 பேர். காலி செய்ய வண்டியோ ஆளோ வரவில்லை, தாங்களே சாமான்களை ஏற்றிக்கொண்டு போனோம் என்று பிறகு சொன்னார்கள். ஊர் முழுதும் அழிந்தது, அந்த இடத்தில் மறுபடி எழவே இல்லை.

மணலும் மண்ணும்

இனி கடிதத்துக்கான பதில். வெடித்த இடத்துக்கு அருகில் தண்ணீர் குளம் போலப் பள்ளம் தோண்டியது. அதையடுத்து மணல் திட்டுத் திட்டாகப் படிந்தது. நிலத்தின் நடுவே ஆழமான ஓடைகளும் அறுத்துக்கொண்டன. இவை மொத்தப் பரப்பில் சிறு பகுதியே. மற்ற இடங்களில் மெல்லிய வண்டலும் குப்பையும்தான் படிந்தன. தண்ணீர் வடிந்ததும் அதே ஆண்டு கோடையில் பெரும்பாலான நிலத்தில் சோயா விதைத்துவிட்டார்கள்.

நம் வயலுக்கும் இதே கணக்குதான். மண்வெட்டியால் நாலைந்து இடத்தில் வெட்டி, மணல் எத்தனை அங்குலம் என்று முதலில் பாருங்கள். 2 அங்குலம் வரை என்றால் வழக்கமான உழவிலேயே கலந்துவிடும். 8 அங்குலம் வரை சட்டிக் கலப்பையால் ஆழமாகப் புரட்டி அடிமண்ணோடு கலக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் வழித்து எடுப்பதே வழி. ஈரம் காயும் முன் டிராக்டரை இறக்காதீர்கள், அடிமண் இறுகிவிடும். நெடுநாள் நீர் நின்ற மண்ணில் வேர் உட்பூசணம் குறைந்துவிடும். மணிச்சத்து மண்ணில் இருந்தும் பயிர் ஊதா நிறம் காட்டும், மக்காச்சோளத்தில் இது நன்றாகத் தெரியும். உடனே மக்காச்சோளம் போடாமல், தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து மடக்கி உழுதுவிட்டு அடுத்த பயிருக்குப் போங்கள்.

கெய்ரோவில் 2023-ல் உள்ளூர் மக்கள் சேர்ந்து கூட்டுறவு மளிகைக் கடை ஒன்றைத் திறந்தார்கள். அதை நடத்துவதும் போராட்டமாகவே இருந்தது. ஆற்றில் போக்குவரத்து குறையவில்லை. ஒவ்வொன்றும் சுமார் 1,500 டன் ஏற்றும் மிதவைப் படகுகளைச் சேர்த்துக் கட்டி, மக்காச்சோளமும் சோயாவும் கெய்ரோவைக் கடந்து கடலுக்குப் போகின்றன. மறுகரையில் உடைத்த முன்கரையைத் திரும்பக் கட்டிவிட்டார்கள். முதலில் உயரம் குறைத்துக் கட்டி, விவசாயிகள் விடாமல் கேட்ட பிறகு முழு உயரத்துக்கு ஏற்றினார்கள். இப்போதும் அங்கே விதைக்கிறார்கள். 1928 சட்டத்தின் கீழ் எழுதிய பத்திரமும் நடப்பில்தான் இருக்கிறது.